அல்லியிலை மூடி போட்ட கிண்ணம்

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னால் அவன் நாற்பது பேசுவான் என்று தெரிந்துதான் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். பசை கலப்பது, உடைந்த கைபிடியை ஒட்டுவது, போன நிறத்தைப் பிடிப்பது எல்லாம் உங்களுக்குப் பீங்கான் திருத்தும் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். எங்களைவிட நன்றாகவே தெரிந்துகொண்டு வந்திருப்பீர்கள். நான் பயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பழைய பீங்கானோடு பழகுகிறவனுக்குப் பயம் இருக்க வேண்டும். உடைத்துவிடுவேனோ என்ற பயத்தைச் சொல்லவில்லை. அது கொஞ்ச நாளில் போய்விடும், போகவும் வேண்டும். இல்லாவிட்டால் கை நடுங்கியே உடைப்பீர்கள். போகக் கூடாத பயம் வேறொன்று இருக்கிறது. அது எனக்கு லுசேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயில், எண்பதுகளின் நடுவே, ஒரு மாசி மாதத்தில் வந்தது.

அதற்குச் சில வருடங்கள் முன்புதான் நான் சுவிசுக்கு வந்திருந்தேன். எல்லாரையும் போல நானும் கோப்பை கழுவினேன். லுசேர்ன் ஏரிக்கரையில் ஒரு பழைய ஹோட்டல். என் கையில் சாமான் உடைவதில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, பழைய பீங்கான்களைத் திருத்தும் பட்டறை வைத்திருந்த ஓர் அம்மா என்னைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. நான் அவரை ஷெஃபின் என்று கூப்பிட்டேன். முதலாளியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் கொஞ்சம் கடுமை. நானும் கோபக்காரன் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவர் பட்டறைக்கு அதிகம் வந்தது விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலச் சாப்பாட்டுச் சாமான்கள்தான். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் இந்த ஏரிக்கரைக்கு மலை பார்க்கவென்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் மனம் கோணக் கூடாதென்று ஹோட்டல்காரர்கள் அவர்கள் நாட்டிலிருந்தே தட்டும் கிண்ணமும் வரவழைத்தார்கள். முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோவா, அதுதான் முட்டைக்கோசு, போல ஒரு கிண்ணம், மீன் போல ஒரு தட்டு, ஸ்ட்ரோபெரிச் செடி படர்ந்த ஒரு தாம்பாளம். தின்கிற சாமானுக்கு இத்தனை கூத்து எதற்கு என்று கேட்டேன். ஷெஃபின் கோவாக் கிண்ணத்தை யன்னலோரம் வைத்து, தொடாமல் பார், பார்த்ததைச் சொல் என்றார்.

பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. இலையின் மடிப்பு ஒன்று கரண்டி சாய்வதற்காகவே மடிந்திருந்தது. நரம்புகள் ஓடி வந்து கை பிடிக்கும் இடத்தில் தடித்து நின்றன. செய்தவன் எடுக்கிறவனின் கையை நினைத்துச் செய்திருந்தான். மூடியைத் திறக்கிறவன் ஒரு கணம் நின்று சிரிக்க வேண்டும் என்றும் நினைத்திருந்தான். பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டி, கழுத்தில் கோலம் போடுகிற ஆட்கள் நாங்கள், அதைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஆசை பிடித்துவிட்டது. அதிலும் மயோலிகா என்று ஒரு வகை உண்டு. பச்சை மஞ்சளுக்குள் கசியும், நீலம் மடிப்புகளில் தேங்கி நிற்கும், எப்போதும் ஈரமாக இருப்பது போலவே தெரியும்.

அந்த ஈரத்துக்குக் காரணம் ஈயம் என்று ஷெஃபின் ஒரு நாள் சொன்னார். காரீயம். மேலே பூசும் மெருகில் ஈயத்தைக் கலந்தால்தான் நிறம் அப்படி ஓடுமாம். அந்த மெருகில் சாமானைத் தோய்த்து எடுக்கிற வேலை செய்த பெண்களுக்கு மணிக்கட்டு தொங்கிப்போனது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள், வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. இதையெல்லாம் அவர் சாமானின் அழகைச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அதையும் தெரிந்துகொண்டுதான் அழகைப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். இவை இனிக் கண்ணுக்கு மட்டும், வாய்க்கு இல்லை. ஒரு திராட்சைப்பழத்தைக்கூட அதில் வைக்க விட மாட்டார்.

இனி நவத்தைச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் என்னோடு கோப்பை கழுவியவன். நான் பட்டறைக்குப் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். மனைவி இந்திரா ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எம்மன்புரூக்கேயில் ஒற்றை அறை வீடு. இருவரின் அகதி விண்ணப்பத்துக்கும் பெர்னிலிருந்து முடிவு வரவில்லை. தமிழரைத் திருப்பி ஏற்றப்போகிறார்கள் என்று கதை அடிபட்டுக்கொண்டே இருந்த காலம் அது. போகிற விமானம் இறங்குகிற இடத்தில் இலங்கை ஆமி நிற்கும். தபால்பெட்டியைத் திறக்க நவம் தன் மனைவியைத்தான் அனுப்புவான், அவ்வளவு பயம்.

அந்தக் காலையில் பட்டறைக்கு அவன் தொலைபேசி எடுத்தான். குரலே சரியில்லை.

"அண்ணை, இந்திராவை வெட்டப் போகினமாம். என்னத்துக்கெண்டு எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா வாங்கோ."

எனக்கு அவனைவிடக் கொஞ்சம் டொச், அதாவது ஜெர்மன், தெரியும். ஓடினேன். இந்திரா வைத்தியசாலைக் கட்டிலில் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. பல கிழமையாக வயிற்று வலி, வாந்தி, ஒன்றும் இறங்குவதில்லை. முதலில் அவர்கள் பிள்ளையாக்கும் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அது இல்லை என்றானதும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டிருக்கிறார்கள். முந்தின நாள் வலி தாங்காமல் நிலத்தில் உருண்ட பிறகுதான் கொண்டுவந்தார்களாம். டாக்டர் இளம் வயது, பொறுமையான மனிதர். எல்லாச் சோதனையும் செய்துவிட்டோம், இரத்தம் மிகக் குறைவாக இருக்கிறது, குடலில் ஏதோ அடைப்பு என்று சந்தேகிக்கிறோம், மத்தியானம் வயிற்றைத் திறந்து பார்ப்பதுதான் வழி என்று சொன்னார். தாமதித்தால் உள்ளே வெடித்துவிடலாம் என்றும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொல்லும்போது அந்தக் கடைசி வசனத்தை விழுங்கப் பார்த்தேன். நவம் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான்.

வீட்டுக்குப் போய் அவளுக்கு மாற்றுத் துணியும் பிள்ளையார் படமும் எடுத்துவரும்படி நவம் திறப்பைத் தந்தான். கட்டிலை விட்டு நகர அவனுக்குப் பயம். நான் புறப்படும்போது இந்திரா கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணை, வாயெல்லாம் செம்புக்காசு சப்பின மாதிரிக் கிடக்கு. எல்லாம் முடிஞ்சு சாப்பிடச் சொல்லேக்க இவையின்ர சாப்பாடு எனக்கு இறங்காது. வீட்டில என்ர ஊறுகாய் இருக்கு. அதையும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

ஓம் பிள்ளை, கொண்டுவாறன் என்றேன்.

இந்திராவின் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, ஊறுகாய்க்கு எங்களுக்குள் பெயர் இருந்தது. சீனி போடாமலே ஓர் இனிப்புத் தட்டும். நானும் பல தடவை தின்றிருக்கிறேன். அந்த இனிப்பு ஈயத்தாலா, அவள் கைப்பக்குவத்தாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டைத் திறந்தேன். யன்னலுக்குக் கீழே ஹைட்சுங், அறையைச் சூடாக்கும் இரும்பு. அதன்மேல் ஒரு பலகை. பலகையின்மேல் துணி போர்த்தி அந்தக் கிண்ணம் இருந்தது. நான் அங்கே சாப்பிட்ட போதெல்லாம் ஊறுகாய் சின்னத் தட்டில்தான் வரும், துணியை விலக்கிக் கிண்ணத்தை நான் கண்டதில்லை. மஞ்சள் கூடை பின்னினது போல அடிப்பாகம், பின்னலின் இடுக்கெல்லாம் மண்ணிறம் தேங்கியிருந்தது. மூடி முழுவதும் ஒரே அல்லியிலை, ஓரம் கொஞ்சம் சுருண்ட இலை. நடுவே வெள்ளை மொட்டு, அதுதான் பிடி. மயோலிகா, அதிலும் நல்ல கையால் செய்தது. மூடியின் ஓரத்தில் ஒரு சிறு உடைவைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஒரு பெண் வலியில் சுருண்டு கிடக்க, நான் அவளுடைய அறையில் நின்று சந்தோஷப்பட்டேன். யன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் என்ன நிறமோ என்று மூடியைத் திறந்தேன்.

உள்ளே ஊறுகாய். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மேலே, ஊறுகாய் படாத இடத்தில், மெருகு ரோஜா நிறத்தில் பளபளத்தது. கீழே, ஊறுகாய் கிடந்து இறங்கிய இடத்தில், பளபளப்பு இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் போல மங்கிச் சொரசொரத்துக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, நேராக, சுற்றிவர.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் மூடியைத் திரும்பப் போட்டேன். போன மெருகு எங்கே போனது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இந்திராவைக் குறை சொல்ல வாய் திறக்காதீர்கள். உங்கள் வீட்டில் என்ன சொல்லி வளர்த்தார்கள்? புளிப்பை உலோகத்தில் வைக்காதே, களிம்பு ஊறும், சாடியில் வை. அந்தப் பிள்ளை அதைத்தான் செய்தாள். வீட்டில் இருந்ததெல்லாம் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். பீங்கான் என்று இருந்தது இது ஒன்றுதான், அதுவும் வாய் அகன்று மூடியோடு, மேலே மொட்டு வைத்து, லட்சுமிகரமாக. ஊறுகாய்க்கு வெயில் வேண்டும். எம்மன்புரூக்கேயில் குளிர்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஹைட்சுங்கின் மேல் வைத்தாள். தேசிப்புளியும் உப்பும் வினாகிரியும் சேர்ந்து இரவு பகலாக அந்தச் சூட்டில் மெருகைத் தின்றன. ஒரு சுவிஸ்காரிக்கு இந்தப் பிழை வந்திருக்காது. கவனமான யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்குத்தான் வரும்.

கிண்ணத்தைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது இன்னொரு பயம் பிடித்தது. நான் யார்? டாக்டரா? பீங்கான் ஒட்டுகிறவன். நான் போய்ச் சொல்லி, அவர்கள் வெட்டாமல் நிறுத்தி, கடைசியில் அது உண்மையாகவே அடைப்பாக இருந்து உள்ளே வெடித்தால்? அவளைக் கொன்றவன் நான் ஆவேன். சொல்லாமல் விட்டால், வயிற்றைக் கிழித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தைத்துவிடுவார்கள். இரத்தமில்லாத உடம்பு அதைத் தாங்குமோ தெரியாது. தாங்கி எழுந்தால் அதே ஊறுகாயைக் கேட்பாள். தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து ஷெஃபினைக் கூப்பிட்டேன். என் டொச் உளறியது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னது இவ்வளவுதான்:

"முடிவெடுக்க வேண்டியவன் நீ இல்லை. முடிவெடுக்கிறவரிடம் கிண்ணத்தைக் கொண்டுபோ. நீ நினைத்ததைச் சொல்லாதே, கண்டதைச் சொல்."

இதை நீங்கள் எங்கேயாவது எழுதி வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பேருந்தில் துவாய்ச் சுற்றை மடியில் வைத்துக்கொண்டு போனபோது அந்த வார்த்தைகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த கிழவர் என் மடியில் குழந்தை இருப்பதாக நினைத்துச் சிரித்தார்.

வைத்தியசாலை நடைவழியில் நவம் நின்றான். துவாயை விலக்கிக் காட்டியதும் அவன் முகம் மாறிவிட்டது. பிள்ளையார் படத்தை அவன் கேட்கவே இல்லை.

"இதை ஏன் இஞ்ச கொண்டுவந்தனீங்கள்?"

விளங்கப்படுத்தினேன். ஈயம், மெருகு, அந்தக் கோடு. அவனுக்குக் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஹோட்டலைத் திருத்தப்போகிறோம் என்று பழைய அலுமாரிகளை ஒழித்தபோது, ஹோட்டல் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்த கிழவி தந்தது அது. உடைந்த சாமான், வேண்டுமென்றால் கொண்டுபோ என்று வாயால் சொன்னாள். அவள் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டாள். இப்போது புது மனேஜர்.

"ஆர் அண்ணை நம்புவினம்? களவெடுத்ததெண்டு ஒரு சொல்லு எழுதினா அது பெர்னுக்குப் போகும். பிறகு ரெண்டு பேரையும் ஏத்தி விடுவினம். சாமானைச் சொல்லாமல் வேற என்னத்தையெண்டாலும் சொல்லுங்கோ."

"சாமானைச் சொல்லாமல் இதைச் சொல்ல ஏலாது, நவம்."

அவன் சுவரில் சாய்ந்து அழுதான். எனக்குக் கோபம் வந்தது. உடனேயே இரக்கமும் வந்தது. மனைவி மேல் அன்பில்லாதவன் அல்ல அவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு அந்த வருடங்களில் வெளிச்சத்திலும் பேய் தெரிந்தது. நானும் அதே விண்ணப்பத்துக்குப் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன்தான். களவுச் சாமானை வைத்தியசாலைக்குத் தூக்கிவந்தவன் என்று என் பெயரும்தானே வரும். அவனைத் தாண்டிப் போய் டாக்டரின் கதவைத் தட்டினேன்.

கண்டதைச் சொன்னேன். இது நூறு வருடத்துப் பாத்திரம், இதன் மெருகில் ஈயம் உண்டு, புளித்த ஊறுகாய் மாதக்கணக்காகச் சூட்டில் கிடந்தது, ஊறுகாய் தொட்ட இடத்தில் மெருகைக் காணவில்லை, அவள் அதைத் தினமும் தின்றாள். டாக்டர் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து, கையுறை போட்ட விரலால் உள்பக்கம் தடவிப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், இந்திராவின் கீழ் உதட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில், மெல்லியதாக, நீலம் பாய்ந்த ஒரு கறுப்புக் கோடு. கிண்ணத்தில் இருந்த கோடு அவள் வாயிலும் இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசினார். மத்தியான வெட்டு நின்றது. திரும்பி வந்து, இரத்தத்தை வேறு சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவு வரும்வரை பக்கத்திலேயே இருந்து பார்ப்பேன் என்றார். அந்த முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவை அவள் முனகும்போதும் நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தேன். முடிவு வந்தபோது டாக்டரே விசில் அடித்தார். ஈயம்தான், அதுவும் நிறைய. மருந்தை நாளம் வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். எங்கள் இரத்தத்தையும் பார்த்தார்கள்; நவம் ஹோட்டலிலேயே சாப்பிடுகிறவன், நான் எப்போதாவது தின்றவன், இருவருக்கும் சொற்பம்தான்.

அதன்பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இது எங்கிருந்து வந்தது, இதுபோல வேறும் இருக்கிறதா? நான் நவத்துக்குத் தமிழில் சொன்னேன். சந்தையில் வாங்கினது என்று சொல்லும்படி தாழ்ந்த குரலில் கெஞ்சினான். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். நான் வைத்தியன், பொலிஸ் இல்லை, இந்த அறையில் கேட்பது வெளியே போகாது, ஆனால் இன்னொரு வீட்டில் இன்னொருவர் இதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்றார். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

நவம் கடைசியில் நாலு விரலைக் காட்டினான்.

"நாலு சாமான். நாலும் எங்கட ஆக்கள்தான் கொண்டுபோனவை."

ஒன்று இது. ஒன்று அடுத்த தெருவில் குடும்பமாக இருந்த ஒருவன் கொண்டுபோனது. ஒன்று கல்யாணமாகாத பெடியள் சேர்ந்து இருந்த ஒரு வீட்டுக்குப் போனது. நாலாவது ஒரு ஜக். கொஞ்ச நாள் மட்டும் வேலைக்கு வந்துபோன ஒருவன் எடுத்தான். அவன் பெயரைக்கூட நவம் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

அன்று பின்னேரமே அடுத்த தெருவுக்குப் போனேன். கதவைத் திறந்தது அந்த வீட்டுப் பெண். உள்ளே ஒரு சின்னப் பெண்குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. ஹோட்டலில் இருந்து வந்த பழைய பாத்திரம் ஏதாவது என்று நான் தொடங்கினேன், அவ்வளவுதான்.

"அப்பிடி ஒண்டும் எங்களிட்ட இல்லை."

கதவு சாத்தப்பட்டது. படியில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது. நஞ்சு, பிள்ளை செத்துவிடும் என்று கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? அந்தச் சாமான் அன்று இரவே குப்பைக்குப் போயிருக்கும், பிள்ளை வைத்தியசாலைக்குப் போயிருக்காது. அது எனக்கு எப்படியோ புத்தியில் பட்டது. கத்தாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் இந்திராவின் கட்டிலடியில் இருந்து இதைப் புலம்பினேன். அவளுக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது, குரல் எழும்பவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்து, சரியான விசர் மனுசன் என்பதுபோல முகத்தைச் சுளித்தாள்.

"பாத்திரத்தைக் கேட்டா ஆர் தருவினம்? ஊறுகாயைக் கேளுங்கோ. எனக்கு வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லையாம் எண்டு சொல்லுங்கோ. வருத்தக்காரிக்கு இல்லையெண்டு ஆரும் சொல்ல மாட்டினம்."

அப்படியே செய்தேன். அதே கதவு, அதே பெண். முதலில் என்னைக் கண்டு முகம் இறுகியது. இந்திராவுக்குச் சுகமில்லை, ஊறுகாய் கொஞ்சம் கிடைக்குமோ என்று கேட்டதும் ஐயோ பாவம் என்று உள்ளே ஓடினாள். அள்ளிக் கொடுக்கிற அவசரத்தில் எல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தேன்கூடு போல உருண்ட சின்னச் சாடி. மூடியில் பிடிக்குப் பதிலாக ஒரு தேனீ, சிறகு இரண்டும் விரித்து. அத்தனை அழகான சாமானை நான் அதற்குப் பிறகும் அதிகம் கண்டதில்லை. 

நான் பார்க்கிறதை அவள் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"களவில்லை அண்ணை," என்றாள்.

எனக்குத் தெரியும் பிள்ளை என்றேன். வேறென்ன சொல்லுவேன். சாடியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குழந்தைக்கு ஊறுகாய்ச் சோறு கொடுக்கிறாயா என்று கேட்டேன். புளியோ உறைப்போ ஒன்று இல்லாமல் சோறு இறங்காது என்றாள். கொஞ்ச நாளாக வயிறு நோகிறது என்று அழுகிறாள், குளிராக்கும் என்று விட்டோம் என்றாள். அவளையும் குழந்தையையும் அன்றைக்கே அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்தில் ஏறினதிலிருந்து இறங்கும்வரை அவள் என் சட்டைக் கையை விடவில்லை. இரண்டு பேரின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. ஆனால் இந்திராவின் அளவுக்குப் போகவில்லை. நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

பெடியள் வீட்டில், பட்டறையில் கண்டது போல ஒரு ஸ்ட்ரோபெரித் தாம்பாளம் கிடைத்தது. ஊறுகாய் கேட்டதற்கு, அண்ணை நாங்கள் முட்டையும் பேக்கரிப் பாணும்தான் என்று சிரித்தார்கள். தாம்பாளத்தைச் சாம்பல் தட்டாக வைத்திருந்தார்கள், சிகரெட் துண்டுகளால் நிறைந்திருந்தது. பெடியளின் சோம்பேறித்தனத்துக்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இந்திரா எழும்ப வெகுநாள் எடுத்தது. பின்னாளில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். நவம் என்னோடு அடுத்த சித்திரை வரை கதைக்கவில்லை. அவனுக்குக் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் பொலிஸ்தான் வருகிறது என்று இருந்ததாம், அதைப் பிறகு அவனே சொன்னான். பொலிஸ் வரவில்லை. பெர்னிலிருந்து கடைசியில் முடிவு வந்து, இருக்க விட்டார்கள்.

அல்லியிலைக் கிண்ணம் பட்டறைக்கு வந்தது. ஷெஃபின் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். அப்படி ஒரு சாமான் இருந்ததே புது மனேஜருக்குத் தெரியாது, வேண்டாம் என்றுவிட்டாராம். மூடியில் இருந்த உடைவை நான் திருத்தினேன். உள்ளே மங்கிய இடத்துக்கும் மெருகு போல ஒரு பூச்சுக் கொடுக்க எனக்குக் கை துறுதுறுத்தது. செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஷெஃபின் விடவில்லை. அந்தக் கோட்டைத் தொட்டால் உன்னை வேலையால் நிறுத்துவேன் என்றார். கூடைப்பின்னலும் மொட்டும் எப்படி அந்தச் சாமானோ, அந்தக் கோடும் அப்படியே அந்தச் சாமான் என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி. திருத்தக் கூடியதையெல்லாம் திருத்தக் கூடாது. அழகானதை அழகானது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள், நானும் இன்றுவரை சொல்கிறேன். ஆனால் சொல்லிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள்.

மிச்சம் அந்த ஜக். எடுத்தவன் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் ஏதோ தொழிற்சாலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். அங்கிருந்தும் போய்விட்டான் என்றார்கள். ஊஸ்டரில் கண்டதாக ஒருவர் சொன்னார், அங்கேயும் இல்லை. கல்யாணத்துக்கும் செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் போகிற இடமெல்லாம் சாப்பாட்டில் என் கண் போவதில்லை, சமையலறைத் தட்டில்தான் போகிறது. மனுசி ஏசுவாள். பரவாயில்லை.

நவம் சொன்னபடி அடையாளத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முழத்துக்குக் குறைந்த உயரம். சோளப்பொத்தி போல இருக்கும். மஞ்சள் மணிகள், இரண்டு பக்கமும் பச்சை மடல், ஒரு மடல் வளைந்து கைபிடியாகும். உள்ளே வெளிர்நீலம். வாய் அகன்றது, கரண்டி தாராளமாகப் போகும். உங்கள் தாய்மார் வீட்டில், மாமிமார் வீட்டில், கோயில் மடைப்பள்ளியில் எங்கேயாவது அது இருக்கலாம். கண்டால் உள்ளே இருப்பதை யாரையும் சாப்பிட விடாதீர்கள். கழுவாதீர்கள், எறியாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை, முதலில் பிள்ளைகளை, டாக்டரிடம் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், நான் வாறன். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன்.